வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியின் ஆவணங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நூலக அறிவியல் மாணவர்களிடம் கல்லூரி ஆவணங்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நான் எடுத்துக்கொள்ளும் உதாரணம் அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட். படிப்பு, ஒழுக்கம், தண்டனை என எல்லாவற்றையும் அன்றாடம் எழுதிவைத்த கல்லூரி அது. எழுதியதில் ஒரு பகுதி நெருப்புக்குப் போனது. எழுதியதே தவறு என்று பிற்பாடு தெரியவந்ததும் உண்டு. வகுப்பு முடிந்ததும் மேசையருகே வந்து நிற்பவர்கள் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். கேட்ட வார்த்தைகளை மாற்றாமல் இங்கே தொகுத்திருக்கிறேன்.

வெஸ்ட் பாயிண்ட்ங்கிறது ஊர் பேரா, காலேஜ் பேரா?

இரண்டும்தான். நியூயார்க் நகரத்துக்கு வடக்கே ஏறக்குறைய 80 கிலோமீட்டரில், ஹட்சன் ஆறு வளைந்து திரும்பும் இடத்தின் மேற்குக் கரை மேடு அது. அமெரிக்க சுதந்திரப் போரில், 1778-ல், பிரிட்டிஷ் கப்பல்கள் மேலே வராதபடி அங்கே ஆற்றின் குறுக்கே ஒரு பெரிய இரும்புச் சங்கிலியை இழுத்துக் கட்டினார்கள். அன்று வந்த அமெரிக்கப் படை அந்த இடத்தை விட்டுப் போகவே இல்லை.

கல்லூரி பிறந்தது 1802 மார்ச் 16-ல், ஜெஃபர்சன் ஜனாதிபதியாக இருந்தபோது. அதே ஆண்டு அக்டோபரில் தேறி வெளியேறியவர்கள் இரண்டே பேர். இரண்டு பேருடன் தொடங்கிய பட்டியல் அறுபடாமல் இன்றுவரை வருகிறது.

மியூசியம், லைப்ரரி, ஆர்க்கைவ்ஸ் எல்லாம் ஒண்ணுதானே சார்? எதுக்கு மூணு பேரு?

வெஸ்ட் பாயிண்டில் மூன்றும் உண்டு, வேலைகள் வேறு. அருங்காட்சியகத்தில் பொருட்கள்: துப்பாக்கி, கொடி, சீருடை. 1777-ல் சரடோகாவில் பிரிட்டிஷ் படையிடமிருந்து கைப்பற்றியவற்றிலிருந்து தொடங்கிய சேகரிப்பு அது. 1854-ல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். நூலகத்தில் அச்சுப் புத்தகங்கள். பின்னாளில் கல்லூரித் தலைவரான சில்வேனஸ் தேயர், அதற்கு முன் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டபோது வாங்கி வந்த ஏறக்குறைய ஆயிரம் புத்தகங்கள் அதற்கு அடித்தளம்.

ஆவணக் காப்பகம் என்பது கல்லூரி தன் வேலையைச் செய்தபோது தானாகச் சேர்ந்த தாள்கள். யாருக்கும் காட்டவென்று எழுதியவை இல்லை. ஆணை, கணக்கு, மதிப்பெண், புகார். இவை அரசாங்கத்துக்குச் சொந்தம். தேசிய ஆவணக் காப்பகத்தின் வரிசையில் 404-வது தொகுதி என்று எண் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் பிறந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று வெஸ்ட் பாயிண்டிலேயே வைத்திருக்கிறார்கள். பழைய மாணவர்களும் குடும்பத்தினரும் கொடுத்த கடிதம், நாட்குறிப்பு, புகைப்படம் போன்றவை சிறப்புச் சேகரிப்பு என்ற தனிப் பிரிவில் சேரும். இந்த இரண்டையும் கலக்கவே மாட்டார்கள். ஒரு தாள் யார் கையிலிருந்து வந்தது என்பதும் அந்தத் தாள் சொல்லும் செய்தியில் ஒரு பங்கு.

அப்படி என்னதான் சார் இருக்கு உள்ள? ஆர்டர் காப்பியும் பில்லும்தானே?

அவையும் உண்டு. ஆனால் என்னிடம் ஒரே ஒரு வரிசையைக் காட்டச் சொன்னால் குற்றப் பதிவேட்டைத்தான் எடுப்பேன். தேயர் 1817-லிருந்து 1833 வரை தலைவராக இருந்த காலத்தில் வகுத்த முறை இது. ஒவ்வொரு மாணவரும் கரும்பலகை முன் நின்று அன்றாடம் பாடம் ஒப்பிக்க வேண்டும். அதற்கு அன்றன்றே மதிப்பெண், முழு மதிப்பெண் 3. நடத்தை தவறினால் கறுப்புப் புள்ளி. ஓர் ஆண்டில் 200 புள்ளி சேர்ந்தால் வீட்டுக்குப் போகலாம். இந்த விதியின் அளவு காலத்துக்குக் காலம் மாறியது, பதிவு மட்டும் நிற்கவில்லை.

1861-ல் தன் வகுப்பில் கடைசி ஆளாகத் தேறி, பின்னாளில் குதிரைப்படைத் தளபதியாகப் பெயர் பெற்ற ஜார்ஜ் கஸ்டரின் கணக்கில் மொத்தம் 726 புள்ளிகள். பனிக்கட்டி உருட்டி எறிந்தது, உணவுக்கூடத்தில் ரொட்டியை வீசியது, முடி நீளமாக இருந்தது, அறையின் புகைபோக்கிக்குள் சமையல் பாத்திரத்தை ஒளித்துவைத்தது என்று வரி வரியாகப் போகும். அந்தப் புகைபோக்கி வரியைப் படிக்கும்போது, ராத்திரியில் பசித்த ஒரு பையன் கண்முன் வந்து நிற்கிறான். 1829-ல் தேறி, பின்னாளில் அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலப் படையை நடத்திய ராபர்ட் ஈ. லீ நான்கு ஆண்டுகளில் ஒரு புள்ளிகூட வாங்கவில்லை. பதிவேட்டில் இல்லாமல் இருப்பதும் ஒரு பதிவுதான்.

இன்னொரு பெரிய வரிசை கடிதப் புத்தகங்கள். வெளியே போகும் ஒவ்வொரு கடிதத்தையும் குமாஸ்தா உட்கார்ந்து ஒரு தடித்த புத்தகத்தில் நகல் எழுதிவைப்பார். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற ஓவியர் ஜேம்ஸ் விஸ்லர் இங்கே மாணவராக இருந்தவர். ஓவியத்தில் முதலிடம், வேதியியலில் தோல்வி, நடத்தையில் 200-க்கு மேல் புள்ளி. 1854-ல் அவரை வெளியேற்றியபோது கல்லூரித் தலைவர் மேலே சொன்ன அதே லீ. மேலதிகாரிக்கு எழுதிய கடிதத்தில், இவ்வளவு திறமையுள்ளவர் தன்னை இப்படிக் கவனிக்காமல் விட்டுவிட்டாரே என்று வருந்துகிறார். ஒரு புள்ளிகூட வாங்காதவர், 200-ஐத் தாண்டியவரைப் பற்றி எழுதிய வருத்தம் அது.

1802-லேர்ந்து எல்லாப் பேப்பரும் பத்திரமா இருக்கா?

இல்லை. 1838 பிப்ரவரி 19 அன்று கல்லூரிக் கட்டடம் தீப்பிடித்தது. தொடக்க காலப் பதிவுகளில் பெரும்பகுதி அன்று போய்விட்டது. கல்லூரியின் முதல் 36 ஆண்டுகளைப் பற்றி யார் எழுதினாலும் இந்த ஓட்டையைச் சுற்றித்தான் நடக்க வேண்டும்.

ஆனால் கடிதத்துக்கு இரண்டு முனை உண்டு. 1866 வரை வெஸ்ட் பாயிண்ட் ராணுவப் பொறியாளர் படையின் கீழ் இருந்தது. எல்லாவற்றுக்கும் வாஷிங்டனிலிருந்த தலைமைப் பொறியாளரிடம் எழுதிக் கேட்க வேண்டும். இங்கே வைத்த நகல் எரிந்தாலும் அங்கே போய்ச் சேர்ந்த கடிதம் தப்பியது. அதனால்தான் மாணவர்களிடம் சொல்வேன்: ஒரு நிறுவனத்தின் வரலாற்றைத் தேடுகிறீர்களா, அந்த நிறுவனம் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது என்று முதலில் பாருங்கள்.

கல்லம் நம்பர், கல்லம் நம்பர்னு படிச்சேன். ரோல் நம்பர் மாதிரியா?

ஏறக்குறைய. 1833-ல் தேறிய ஜார்ஜ் கல்லம், பிற்காலத்தில் கல்லூரித் தலைவராகவும் இருந்தவர். முதல் மாணவரிலிருந்து ஒவ்வொருவருக்கும் வரிசை எண் கொடுத்து, அவர் எங்கே வேலை பார்த்தார், எந்தப் போரில் இருந்தார், எப்போது இறந்தார் என்று ஒரு மாபெரும் பதிவேட்டைத் தொகுத்தார். 1892-ல் இறந்தபோது, வேலை நின்றுவிடக் கூடாதென்று உயிலிலும் பணம் ஒதுக்கியிருந்தார். எழுதிய ஆள் போன பிறகும் ஏடு தொடர வேண்டும் என்று நினைத்த மனிதர் எனக்குப் பெரியவர்.

எண்ணுக்குள்ளேயும் செய்தி உண்டு. ஒவ்வொரு வகுப்பிலும் மதிப்பெண் வரிசைப்படியே எண் கொடுத்தார்கள். பின்னாளில் ஜனாதிபதியான யுலிசஸ் கிராண்டின் எண் 1187 என்றால், 1843-ல் 39 பேரில் அவர் 21-வது என்பது அதிலேயே அடங்கியிருக்கிறது. 1978-லிருந்து அகர வரிசை. எனவே அதற்குப் பிந்தைய எண்ணை வைத்து யாருடைய படிப்பையும் எடைபோடாதீர்கள்.

பாஸ் ஆகாம பாதியில போனவங்க பேரு கிடைக்குமா?

கல்லத்தின் பதிவேட்டில் கிடைக்காது; அது தேறியவர்களுக்கு மட்டும். விஸ்லர் அதில் இல்லை. இப்படிப்பட்டவர்களுக்கு வேறு இரண்டு வழிகள் உண்டு. கல்லூரி ஆண்டுதோறும் அச்சிட்ட அதிகாரிகள், மாணவர்கள் பட்டியலில் அந்தந்த ஆண்டு வகுப்பில் இருந்தவர்கள் எல்லோரும் இருப்பார்கள். அது 1818-லிருந்து உண்டு.

மற்றது விண்ணப்பத் தாள்கள். 1805 முதல் 1866 வரை இடம் கேட்டு வந்த கடிதங்கள் தேசிய ஆவணக் காப்பகத்தில் மைக்ரோஃபிலிமாக இருக்கின்றன. இடம் கிடைக்காதவர்களின் கடிதங்களும் அதில் உண்டு. அப்பா எழுதியது, ஊர்ப் பெரியவர் சிபாரிசு, பையன் தன் கையாலேயே எழுதியது. ஒரு காலத்துக் குடும்பங்கள் பிள்ளைக்காக எப்படிக் கெஞ்சின என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல தொகுதி எனக்குத் தெரியாது.

எட்கர் ஆலன் போ வெறும் பெல்ட்டோட பரேடுக்கு வந்து நின்னாராமே, அதான் துரத்திட்டாங்களாமே?

நல்ல கதை, ஆவணத்தில் இல்லை. கவிஞர் போ 1830-ல் சேர்ந்தார், 1831 ஜனவரி 28 அன்று ராணுவ நீதிமன்றத்தின் முன் நின்றார். குற்றச்சாட்டு இரண்டு: கடமை தவறியது, ஆணைக்குக் கீழ்ப்படியாதது. அணிவகுப்புக்கு வரவில்லை, வகுப்புக்கு வரவில்லை, தேவாலயத்துக்குப் போகச் சொன்னால் போகவில்லை. அவ்வளவுதான். வெளியேற வேண்டும் என்று முடிவுகட்டிய ஒருவர் சும்மா இருந்தே வெளியேறியிருக்கிறார்.

நிர்வாணக் கதையைவிட இன்னொன்று எனக்குப் பிடிக்கும். அவருடைய கவிதைகளை அச்சிட 131 சக மாணவர்கள் பணம் போட்டார்கள். அந்தத் தொகுப்பை அவர் அந்த மாணவர்களுக்கே சமர்ப்பணம் செய்தார்.

கவர்மென்ட் ரெக்கார்டுல இருந்தா அது உண்மைதானே? அப்புறம் எதுக்கு லெட்டர், டைரி எல்லாம்?

அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த யுலிசஸ் கிராண்டின் பெயரையே பாருங்கள். பெற்றோர் வைத்த பெயர் ஹைரம் யுலிசஸ் கிராண்ட். 1839-ல் இடம் வாங்கித் தந்த பாராளுமன்ற உறுப்பினர் அவசரத்தில் யுலிசஸ் எஸ். கிராண்ட் என்று எழுதி அனுப்பினார். பையன் வந்து தன் பெயரைச் சரியாகச் சொல்லியும் பலிக்கவில்லை. பட்டியலில் இருப்பதுதான் பெயர் என்றாகிவிட்டது. இல்லாத அந்த எஸ் சாகும்வரை அவருடன் இருந்தது. நம்மூரில் பள்ளிச் சான்றிதழில் தலைப்பெழுத்து மாறிப்போய் ஆயுள் முழுக்க அலைகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சேர்ந்த சில மாதங்களில் அவர் உறவினர் ஒருவருக்கு எழுதிய கடிதம் தப்பியிருக்கிறது. கால்சட்டை, மரத்தில் பட்டை ஒட்டியதுபோல உடம்போடு ஒட்டியிருக்கிறது. சட்டென்று குனிந்தால் துப்பாக்கி வெடித்த சத்தத்தோடு கிழிந்துவிடும் என்று எழுதுகிறார். கறுப்புப் புள்ளிகளைப் பற்றியும் அதில் சொல்கிறார். பதிவேடு புள்ளியை எண்ணும். அந்தப் புள்ளிக்குப் பயந்துகொண்டு இறுக்கமான கால்சட்டையில் விறைப்பாக நடந்த 17 வயதுப் பையனைக் கடிதம்தான் காட்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

தனக்கு அவமானம் வர்ற பேப்பரை எந்தக் காலேஜாவது வெச்சிருக்குமா? கிழிச்சுப் போட்டிருக்க மாட்டாங்களா?

எல்லாக் கேள்விகளிலும் முக்கியமானது இது. 1880 ஏப்ரல் 6 காலையில், ஜான்சன் விட்டேக்கர் என்ற கறுப்பின மாணவர் தன் அறையில் கட்டிலோடு கட்டப்பட்டு, காதில் வெட்டுக்காயத்துடன், நினைவில்லாமல் கிடந்தார். தென் கரோலினாவில் அடிமையாகப் பிறந்தவர். கல்லூரி நிர்வாகம், தானே தன்னைக் கட்டிக்கொண்டு நாடகமாடினார் என்றது. விசாரணை, பிறகு ராணுவ நீதிமன்றம். அவருக்கு வந்திருந்த மிரட்டல் கடிதத்தை அவரேதான் எழுதினார் என்று கையெழுத்து நிபுணர்கள் சாட்சி சொன்னார்கள். குற்றவாளி என்று தீர்ப்பு. 1882-ல் ஜனாதிபதி ஆர்தர், கையெழுத்து மாதிரிகளைச் சாட்சியமாக ஏற்றது சட்டப்படி செல்லாது என்று தீர்ப்பை ரத்து செய்தார். ஆனாலும் ஒரு தேர்வில் தவறியதைக் காரணம் காட்டி விட்டேக்கரை வெளியேற்றிவிட்டார்கள்.

அந்த விசாரணையில் பேசியதெல்லாம் ஆயிரக்கணக்கான பக்கங்களாக எழுதப்பட்டு தேசிய ஆவணக் காப்பகத்தில் கிடந்தது. ஏறக்குறைய 90 ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு வரலாற்று ஆய்வாளர் அதை முழுக்கப் படித்து, இந்த மனிதருக்கு அநீதி நடந்தது என்று காட்டினார். 1995-ல் ஜனாதிபதி கிளின்டன், விட்டேக்கரின் வாரிசுகளிடம் அவருக்குரிய அதிகாரி பதவியை வழங்கினார். குற்றவாளி என்று நிரூபிக்க எழுதிய அதே பக்கங்கள்தான் அவரை விடுவித்தன. அன்று ஒருவர் அலமாரி நிறைந்துவிட்டது என்று அந்தக் கட்டைத் தூக்கிப் போட்டிருந்தால்? இந்தக் கேள்வியை வகுப்பில் கேட்டுவிட்டு, பதில் சொல்லாமல் சிறிது நேரம் நிற்பேன்.

லீ படத்தை லைப்ரரியிலேர்ந்து கழட்டிட்டாங்கன்னு நியூஸ் வந்துச்சே. அவரு பேப்பரையும் தூக்கிடுவாங்களா?

லீ உள்நாட்டுப் போரில் அமெரிக்க அரசுக்கு எதிராக, அடிமைமுறையைக் காக்க நின்ற தென்மாநிலப் படையை நடத்தியவர். அந்தச் சீருடையில் இருந்த அவர் ஓவியத்தை 2022 டிசம்பரில் நூலகச் சுவரிலிருந்து இறக்க ஆணை வந்தது. சுவரில் யாரை மாட்டுவது என்பது யாரைக் கௌரவிக்கிறோம் என்ற கேள்வி. அதன் விடை காலத்துக்குக் காலம் மாறும். காப்பகப் பெட்டி யாரையும் கௌரவிப்பதில்லை. லீயின் கடிதப் புத்தகம் இல்லாவிட்டால் மேலே சொன்ன விஸ்லர் கதையே நமக்கு இல்லை.

வெள்ளை கிளவுஸ் போட்டுக்கிட்டுத்தானே பழைய பேப்பரைத் தொடணும்?

சினிமாவில் அப்படித்தான். பழைய தாளுக்குக் கழுவித் துடைத்த வெறும் கையே நல்லது. துணிக் கையுறையில் விரலுக்கு உணர்வு போய்விடும், ஓரம் கிழியும். புகைப்படம், நெகடிவ் ஆகியவற்றுக்குத்தான் கையுறை; விரலின் எண்ணெய் அவற்றில் பதிந்துவிடும். குறிப்பெடுக்கப் பென்சில் மட்டும்.

19-ஆம் நூற்றாண்டின் பதிவேடுகள் பெரும்பாலும் இரும்பு சேர்ந்த மையில் எழுதியவை. அந்த மை ஆண்டுகள் போகப் போகத் தாளையே அரிக்கும். அழுத்தி எழுதிய இடத்தில் எழுத்தின் வடிவத்திலேயே ஓட்டை விழும். அப்படிப்பட்ட ஏட்டைப் புரட்டத் தருவதில்லை என்றால் கோபிக்காதீர்கள், நகல் கேளுங்கள்.

எல்லாம் ஆன்லைன்ல வந்துடுச்சுல்ல?

அச்சிட்டவற்றில் நிறைய வந்திருக்கின்றன: ஆண்டுப் பட்டியல்கள், தலைவர்களின் ஆண்டறிக்கைகள், கல்லம் பதிவேடு, ‘ஹோவிட்சர்’ என்ற மாணவர் ஆண்டு மலர். வீட்டிலிருந்தே பார்க்கலாம், இலவசம். கையெழுத்து ஏடுகளில் ஒரு பங்குதான் ஏறியிருக்கிறது. இணையத்தில் தேடிக் கிடைக்கவில்லை என்றால் பெட்டியில் இல்லை என்று அர்த்தமில்லை.

பெண்கள் சேர்ந்த காலத்து ரெக்கார்டு பார்க்க முடியுமா?

1976 ஜூலையில் 119 பெண்கள் முதன்முதலாகச் சேர்ந்தார்கள். 1980-ல் 62 பேர் தேறினார்கள். ஆண்டு மலரும் அறிக்கைகளும் கிடைக்கும். தனிநபர் கோப்புகள் கிடைக்காது, 1974-ன் தனியுரிமைச் சட்டம் அவற்றைக் காக்கிறது. இன்னும் உயிரோடு இருக்கும் ஒருவரின் கறுப்புப் புள்ளியை நாம் படிக்க ஆசைப்படுவது நியாயமும் இல்லை.

இந்த இடைவெளியை நிரப்புவது வாய்மொழி வரலாறு. வெஸ்ட் பாயிண்டில் அதற்கென்றே ஒரு மையம் பழைய மாணவர்களைக் கேமரா முன் உட்காரவைத்துப் பேசச் சொல்கிறது. தாளில் ஏறாதது அங்கே குரலில் ஏறுகிறது.

டைம் கேப்ஸ்யூல்னு ஒரு பெட்டியைத் திறந்து ஒண்ணும் இல்லாம ஏமாந்தாங்களே, அது இந்தக் காலேஜ்தானா?

இதேதான். சுதந்திரப் போரில் இங்கே கோட்டை கட்டிய போலந்துப் பொறியாளர் கொஸ்சியுஸ்கோவுக்கு 1828-ல் மாணவர்கள் எழுப்பிய நினைவுத்தூணைப் பழுதுபார்த்தபோது, அடிப்பீடத்தில் ஓர் ஈயப் பெட்டி கிடைத்தது. 2023 ஆகஸ்ட் 28 அன்று எல்லோரும் பார்க்க நேரலையில் திறந்தார்கள். உள்ளே வண்டல் மண்.

கதை அதோடு முடியவில்லை. தொல்லியலாளர் அந்த மண்ணைப் பொறுமையாகக் கிளறினார். 1795 முதல் 1828 வரையான ஆறு வெள்ளி நாணயங்களும், ஈரி கால்வாய் திறந்ததன் நினைவாக அடித்த ஒரு பதக்கமும் கிடைத்தன. காகிதம் ஏதாவது வைத்திருந்தால் ஈரம் அதைத் தின்றிருக்கும். காப்பகங்களில் ஈரப்பதத்தை நாள்தோறும் அளந்து எழுதுவது எதற்கென்று கேட்பவர்களுக்கு அந்தப் பெட்டியைச் சொல்கிறேன்.

நான் ஒருத்தரைப் பத்தித் தேடணும். எங்கேர்ந்து ஆரம்பிக்கறது?

தேறியவர் என்றால் கல்லம் எண், தேறாதவர் என்றால் ஆண்டுப் பட்டியல். கல்லம் பதிவேடு சொல்வதற்கு மேல், படிப்பு முடிந்த பிறகான ராணுவப் பணிக் கோப்பு வெஸ்ட் பாயிண்டில் இருக்காது. 20-ஆம் நூற்றாண்டு ஆள் என்றால் செயின்ட் லூயிஸில் உள்ள பணியாளர் ஆவண மையத்துக்கு எழுத வேண்டும். பணியிலிருந்து விலகி 62 ஆண்டுகள் ஆன கோப்புகள் எல்லோருக்கும் திறந்தவை. அங்கேயும் 1973 ஜூலை 12 அன்று ஒரு தீ. 1.6 கோடிக்கு மேற்பட்ட கோப்புகள் எரிந்தன. 1912-க்கும் 1960-க்கும் இடையில் தரைப்படையிலிருந்து விலகியவர்களின் கோப்புகளில் 80 சதவீதம் போய்விட்டது. உங்கள் ஆள் அந்த இடைவெளியில் வந்தால் 1838 தீ பற்றிய பதிலைத் திரும்பப் படியுங்கள், கடிதத்தின் இன்னொரு முனையைத் தேடுங்கள்.

காப்பகத்துக்கு மின்னஞ்சல் எழுதும்போது பெயர், ஆண்டு, எந்த வரிசை என்று மூன்றையும் சொல்லிவிடுங்கள். “உள்நாட்டுப் போர் பற்றி ஏதாவது இருந்தால் அனுப்பவும்” என்றால் அவர்கள் எங்கே கை வைப்பார்கள்? “1854 கோடையில் தலைவர் அனுப்பிய கடிதங்களின் நகல் புத்தகம், விஸ்லர் தொடர்பானவை” என்று எழுதினால் எந்த ஏட்டை எடுப்பதென்று அவர்களுக்கு உடனே தெரியும்.